ஹெல்சிங்கியில் பத்து, ஜகார்த்தாவில் ஒன்று



மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. கண்புரை ஆபரேஷன் முடிந்து டாக்டர் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். விசாரித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது பார்வை நன்றாகவே இருக்கிறது. கடற்கரைக் கோயில் கோபுரம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

சும்மா இருந்த நாட்களில் பேரன் 2024-ல் வந்த 'மைதான்' படத்தைப் போட்டுவிட்டான். ஹைதராபாத் ரஹீம் சாகிபைப் பற்றிய படம். நான் அதைப் பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். படம் முடிந்ததும் பேரன் கேட்டான்: "தாத்தா, 1952-ல் பத்து கோல் வாங்கினது ஷூ போடாததாலதானே?"

இந்தக் கேள்விக்கு எங்கே போனாலும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். ஷூ இல்லை, வெறுங்கால், அதனால் தோற்றோம், பிறகு ஷூ போட்டோம், ஜெயித்தோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. காலில் என்ன இருந்தது என்பதைவிட, கோலுக்கு முன்னால் எத்தனை பேர் எப்படி நின்றார்கள் என்பதே பெரிய விஷயம். அதை மாற்றியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. புதுச்சேரியில் பள்ளியில் படித்தபோது நான் 'ஆரியேர்'. பிரெஞ்சு மீடியம் என்பதால் எங்களுக்கு ஃபுட்பால் வார்த்தைகள் எல்லாம் பிரெஞ்சில்தான். கோல்கீப்பர் 'கார்தியேன்', நடு ஆட்டக்காரர் 'தெமி', முன்னால் ஆடுபவர் 'ஆவான்', பின்னால் நிற்கும் பேக் 'ஆரியேர்'. பிற்பாடு செங்கல்பட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சம்பள அரியர் பில் போடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டும் ஒரே வார்த்தைதான். பின்னால் நிற்பது, பின்தங்கி வருவது. அரியரைப் போலவே ஆரியேரையும் யாரும் சரியான நேரத்தில் கவனிப்பதில்லை.

முதலில் இரண்டு பேக் ஆட்டம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் அப்படித்தான் ஆடியிருப்பார்கள். பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர். பத்து பேரில் ஐந்து பேருக்குக் கோல் போடுவதுதான் வேலை. நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப் மைதானத்தின் ராஜா. மேலேயும் போவார், கீழேயும் வருவார். இங்கிலீஷ்காரன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துக் கப்பலில் எல்லா ஊருக்கும் அனுப்பிய முறை இது.

இரண்டே பேர் பின்னால் நின்று எப்படிச் சமாளித்தார்கள் என்றால், பழைய ஆஃப்சைடு சட்டம் அவர்களைக் காப்பாற்றியது. பந்து வரும்போது முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிராளிகள் மூன்று பேர் இருக்க வேண்டும். ஒரு பேக் கொஞ்சம் முன்னால் ஏறி நின்றாலே எதிராளி ஆஃப்சைடு. 1925-ல் மூன்று பேர் என்பதை இரண்டு பேர் என்று மாற்றினார்கள். அன்றோடு இரண்டு பேக் ஆட்டத்துக்கு ஆயுசு முடிந்தது. லண்டன் ஆர்செனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் தன் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து இரண்டு பேக்குக்கு நடுவில் மூன்றாவது ஆளாக நிறுத்தினார். சுவிட்சர்லாந்தில் கார்ல் ராப்பான் என்ற ஆஸ்திரியாக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லோருக்கும் பின்னால் ஒரு ஆளை நிறுத்தினார். பிரெஞ்சில் அதற்கு 'வெரூ' என்று பெயர். தாழ்ப்பாள் என்று அர்த்தம். 1938 உலகக் கோப்பையில் அந்தத் தாழ்ப்பாளை வைத்துத்தான் சுவிஸ் அணி ஜெர்மனியை 4-2 என்று வெளியே அனுப்பியது.

இதெல்லாம் ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தபோது நம் நாட்டில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பழையபடியே இரண்டு பேக். சட்டம் மாறி கால் நூற்றாண்டு ஆன பிறகும்! சர்க்காரில் ஒரு ஜி.ஓ. ரத்தாகி இருபது வருஷம் கழித்தும் அதே பாரத்தை நிரப்பி வாங்கும் ஆபீசுகளைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் உள்ளூர்ப் போட்டிகள் எழுபது நிமிஷம். ஒலிம்பிக்கில் தொண்ணூறு. அந்தக் கடைசி இருபது நிமிஷத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூச்சு வாங்கிப்போன ஐந்து ஆவான்களும் மேலேயே நின்றுவிட்டால் பின்னால் இரண்டு பேர் என்ன செய்வார்கள்?

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இது வெளியே தெரியவில்லை. ஜூலை 31-ஆம் தேதி நம் அணி பிரான்சோடு ஆடியது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஃபுட்பால். பெரும்பாலோர் வெறுங்கால். 2-1 என்று தோற்றோம். ஆனால் கடைசி நிமிஷம் வரை 1-1. நம் கோலை அடித்தவர் மைசூர்ப் பக்கத்து சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டையும் விட்டோம்.

எங்கள் பள்ளியில் விளையாட்டுக்கும் சேர்த்துப் பொறுப்பாக இருந்த முஸ்ஸியே ஒருவர் இந்த ஆட்டத்தை அடிக்கடி எடுத்துச் சொல்வார். புதுச்சேரித் தமிழர்தான், ஆனால் மனசு பாதி பாரீசில். 1948-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில்தானே இருந்தது. யார் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கே அன்று குழப்பமாக இருந்ததாம். "இரண்டு பெனால்டியை விட்ட அணி தோற்றது பிரான்சிடம் அல்ல, தன்னிடமே" என்பார். நாங்கள் தலையை ஆட்டுவோம். பெனால்டி விட்டதைப் பற்றி ஊரே பேசியதால், 89-ஆவது நிமிஷத்தில் பிரெஞ்சுக்காரன் எப்படி அவ்வளவு இடம் கிடைத்துக் கோல் அடித்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நான்கு வருஷத்தில்தான் சையத் அப்துல் ரஹீம் வருகிறார். 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். தொழில் பள்ளி ஆசிரியர். 1943 முதல் ஹைதராபாத் ஃபுட்பால் சங்கத்தின் செயலாளர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை அவர் கையில் எடுத்த பிறகு, 1950 தொடங்கி 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து பம்பாய் ரோவர்ஸ் கோப்பை அவர்களுக்குத்தான். வாத்தியார் என்பதால் சொல்லிக்கொடுக்கும் முறையும் வாத்தியார் முறைதான். வலது கால் பழக்கமானவர்கள் இடது காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று தனியாகப் போட்டிகள் வைப்பார். பந்து வந்ததும் ஒரே தட்டில் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும், வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது என்று ஆட விடுவார். கல்கத்தாக்காரர்களுக்கு டிரிப்ளிங்தான் ஃபுட்பால். ரஹீமுக்குப் பாஸ்தான் ஃபுட்பால்.

1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் அவர் பயிற்சியில் நம் அணி ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. புதுக் கோச்சுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. நேரு பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம். நாடே சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில் பின்னால் இரண்டு பேர் நிற்பது யார் கண்ணிலும் படவில்லை.

மறுவருஷம் ஹெல்சிங்கி. 1952 ஜூலை 15. எதிரே யூகோஸ்லாவியா.

பத்து கோல். ப்ராங்கோ செபெத்ஸ் என்ற ஒருவரே நாலு அடித்தார். நம் தரப்பில் கடைசி நேரத்தில் அஹமத் கான் ஒன்று திருப்பினார். 10-1.

குளிர், ஈரப்புல், வெறுங்கால், எல்லாம் உண்மைதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த யூகோஸ்லாவியா லேசுப்பட்ட அணி அல்ல. அடுத்த சுற்றிலேயே சோவியத் யூனியனோடு 5-5 என்று ஆடி, மறு ஆட்டத்தில் 3-1 என்று வென்று, கடைசியில் ஹங்கேரியிடம் மட்டுமே தோற்று வெள்ளி வாங்கியது. சோவியத் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஷூ போட்டவர்கள்தான். அவர்கள் வலைக்குள்ளும் இரண்டு ஆட்டத்தில் எட்டு கோல் போனது. ஷூ மட்டுமே தாழ்ப்பாள் என்றால் இது எப்படி?

நடந்தது இதுதான். யூகோஸ்லாவியாவின் முன்வரிசை ஐந்து பேர் அகலமாகப் பரவி வந்தார்கள். நம் இரண்டு பேக்கும் ஓரத்துக்கு ஓடினால் நடு காலி. நடுவில் நின்றால் ஓரம் காலி. நம் சென்டர் ஹாஃப் பழைய பழக்கத்தில் மேலே. சடுகுடுவில் ஏழு பேர் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று பேர் நின்று சங்கிலி போட்டுப் பிடிப்பது போல. கையைக் கோத்தாலும் பக்கத்தில் வழி இருக்கும்.

ஊர் திரும்பியதும் அகில இந்திய சங்கம் ஷூவைக் கட்டாயமாக்கியது. அது ஒரு உத்தரவில் முடிகிற வேலை. சுற்றறிக்கை அனுப்பினால் போதும். நிற்கும் இடத்தை மாற்றுவது சுற்றறிக்கையில் நடக்காது. அதற்கு ஆள் வேண்டும், வருஷம் வேண்டும், பிடிவாதம் வேண்டும். அதுவும் பத்து கோல் வாங்கிய கோச்சுக்கு யார் பேச்சைக் கேட்பார்கள்? இந்தக் காலமாக இருந்தால் விமான நிலையத்திலேயே வேலை போயிருக்கும். நம் சென்னையின் எஃப்சியையே பாருங்கள். 2018 மார்ச்சில் பெங்களூரில் போய் 3-2 என்று வென்று ஜான் கிரெகரி கோப்பையைத் தூக்கினார். அடுத்த சீசனில் அதே கிரெகரி, பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பது பாயிண்ட், பத்து அணியில் பத்தாவது இடம். அதற்கு அடுத்த சீசனின் பாதியிலேயே போய்விட்டார். வந்த ஓவன் கோயில் அதே அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். ரஹீமுக்கோ 1952-க்குப் பிறகும் வாய்ப்பு இருந்தது. 1956-ல் மெல்போர்னுக்கு அவரையேதான் அனுப்பினார்கள். அந்தச் சங்கத்தின் மீது எனக்கு ஆயிரம் குறை உண்டு. இந்த ஒரு காரியத்துக்காக ஒரு கும்பிடு போடலாம்.

இடையில் உலகத்தில் ஒரு பெரிய சம்பவம் நடந்தது. 1953 நவம்பர் 25, லண்டன் வெம்ப்ளி மைதானம். ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று அடித்தது. இங்கிலாந்து ஆடியது சாப்மன் காலத்து மூன்று பேக் ஆட்டம். ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்ட் ஹிதெகுட்டி முன்னால் நிற்காமல் பின்னுக்கு இறங்கி நின்றார். அவரைக் காவல் காக்க வேண்டிய இங்கிலாந்து சென்டர் ஹாஃபுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பின்னாலேயே போனால் நடு திறந்துகிடக்கும். போகாவிட்டால் அவர் இஷ்டத்துக்குப் பந்தை வைத்து ஆடுவார். ஃபுட்பாலைக் கண்டுபிடித்தவனே தன் வீட்டு முற்றத்தில் திருதிருவென்று விழித்தான்.

ரஹீம் இதையெல்லாம் ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டே கவனித்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். டிவி கிடையாது. வெளிநாட்டுப் பத்திரிகை வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும். ஆனாலும் அவர் அணி மெல்போர்னில் இறங்கியபோது பின்னால் மூன்று பேர் நின்றார்கள், முன்வரிசையில் ஒருவர் ஹங்கேரி மாதிரி இறங்கி ஆடினார். ஆளுக்கு ஒரு எதிராளி, ஆளுக்கு ஒரு இடம். பந்து போனதும் நின்று வேடிக்கை பார்க்காமல் திரும்பி ஓடி வருவது என்பதும் வேலையில் சேர்ந்தது.

மெல்போர்ன் பலன் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1956 டிசம்பர் 1, ஆஸ்திரேலியாவை 4-2. பம்பாய் நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். அரையிறுதிக்கு வந்தோம். எதிரே யார்? அதே யூகோஸ்லாவியா.

இந்த ஆட்டத்தைத்தான் நான் ஹெல்சிங்கியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். முதல் பாதியில் கோலே இல்லை. இரண்டாம் பாதி தொடக்கத்தில் டிசோசா அடித்து நாம் 1-0 என்று முன்னால்! பிறகு அவர்கள் கொஞ்ச நேரத்தில் மளமளவென்று அடித்தார்கள். நாலாவது கோல் நம் ஆள் காலில் பட்டே உள்ளே போனது. 4-1. தோல்விதான். ஆனால் நான்கு வருஷத்துக்கு முன் பத்து வாங்கிய அதே நாட்டிடம், ஐம்பது நிமிஷத்துக்கு மேல் ஒரு கோல்கூட வாங்காமல் நின்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. நாலாவது இடம். ஒலிம்பிக் ஃபுட்பாலில் இந்தியா தொட்ட உயரம் அதுதான், இன்று வரை.

இங்கே ஒரு தமிழரைச் சொல்லாமல் போக முடியாது. பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். நீலகிரி வெல்லிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார். ஆரம்பத்தில் அவர் சென்டர் ஃபார்வர்ட்! பிறகுதான் கோலுக்குள் நின்றார். ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கை. 1955-லும் 1958-லும் மெட்ராஸ் ரெஜிமென்ட் டில்லியில் டூராண்ட் கோப்பையை வென்றது. நம் வயதில் கோலுக்குள் நின்ற பையன் எவனாக இருந்தாலும் பந்தைப் பிடித்ததும் "தங்கராஜ்!" என்று கத்திக்கொண்டுதான் எழுந்திருப்பான். புதுச்சேரியிலும் அப்படித்தான். இங்கே மீனவர் குப்பத்துப் பையன்களும் அப்படித்தான் என்று என் வயதுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1960 ரோம். இந்த முறை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நேரடி சம்பந்தம். குழுவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோற்றோம். ஆகஸ்ட் 29-ல் க்ரொசெத்தோ என்ற ஊரில் பிரான்சோடு ஆட்டம். பி.கே. பானர்ஜி அடித்து நாம் முன்னால். எட்டு நிமிஷம் மீதி இருக்கும்போது பிரெஞ்சுக்காரன் சமன் செய்தான். 1-1.

எனக்கு அப்போது பத்து வயசு. நம் முஸ்ஸியே பேப்பரை வகுப்புக்கே கொண்டுவந்து படித்தார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை. புதுச்சேரி 1954 நவம்பரிலேயே இந்தியா கைக்கு வந்திருந்தாலும், சட்டப்படியான மாற்றம் இன்னும் நடக்கவில்லை. நாங்கள் யார் பக்கம் என்று எங்களுக்கே தெரியாத வயது. சமமாக முடிந்ததில் வகுப்பில் சண்டை வராமல் போனது. கடைசியாக பெருவிடம் 3-1 என்று தோற்று அணி ஊர் திரும்பியது. அந்த அணியில் நம் தமிழ்நாட்டு சைமன் சுந்தரராஜும் இருந்தார். பின்னாளில் 1973-ல் கேரளா முதன்முதலாக சந்தோஷ் டிராபி வாங்கியபோது அதன் கோச் அவர்தான். ரஹீம் பள்ளிக்கூடத்து மாணவர்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள் பாருங்கள்.

ரோமில் மூன்று ஆட்டத்தில் ஆறு கோல்தான் வாங்கினோம். எதிரே ஹங்கேரியும் பிரான்சும் பெருவும். ஹெல்சிங்கியில் ஒரே ஆட்டத்தில் வாங்கியது பத்து.

இதற்குள் ரஹீம் நான்கு பேக் ஆட்டத்துக்கு வந்துவிட்டார். பின்னால் நாலு, நடுவில் இரண்டு, முன்னால் நாலு. 1958 உலகக் கோப்பையில் பிரேசில் இதை வைத்துத்தான் ஜெயித்தது. பிரேசிலுக்கு முன்பே ரஹீம் ஆடவிட்டார் என்று பெருமையாக எழுதுகிறவர்கள் உண்டு. யார் முதலில் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. பம்பாயும் கல்கத்தாவும் மூன்றாவது பேக்கையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்டில், நாலாவது ஆளையும் பின்னால் நிறுத்தி, அந்த வேலையை நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஏற்கும்படி செய்தாரே, அதுதான் விஷயம். நடுவில் இரண்டே பேர் என்பதால் அந்த இருவரும் குதிரை மாதிரி ஓட வேண்டும். அதற்குத்தான் தொண்ணூறு நிமிஷ மூச்சு.

1962 வருஷம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ராத்திரி அதே பேச்சு. அப்பா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம். அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் ஆகஸ்ட் 24-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு தொடங்கியது.

ஆரம்பமே சரியில்லை. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். ஜர்னைல்தான் பின்வரிசையின் தூண். பஞ்சாப்காரர், மோகன் பகானுக்கு ஆடியவர், அவரைத் தாண்டிப் போவது மலையைத் தாண்டுவது போல. தூணே ஆடிப்போனால் என்ன செய்வது?

அரையிறுதியில் ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். பின்வரிசையின் நடுவை அருண் கோஷிடம் ஒப்படைத்தார். ஜர்னைல் சின்ன வயதில் முன்வரிசையிலும் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். எதிராளிகளின் பேக்குகளுக்கு இந்தக் காளை மாட்டை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. தென் வியட்நாமை 3-2 என்று வென்றோம். ஜர்னைல் ஒன்று, கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு. பேக்குகள் போதும் போதும் என்று சொன்ன பின்புதான் ஒரு பேக்கை முன்னால் அனுப்ப முடியும். ஹெல்சிங்கி அணியில் இப்படிச் செய்திருந்தால் பதினைந்து வாங்கியிருப்போம்.

செப்டம்பர் 4 இறுதி ஆட்டம். மறுபடியும் தென் கொரியா. செனயான் மைதானத்தில் ஒரு லட்சம் பேர், அத்தனை பேரும் நமக்கு எதிராக. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விளையாட்டுக்கு அனுமதிக்காததை நம் ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் நம் தூதரகத்தையே கூட்டம் போய்த் தாக்கியது. மைதானத்தில் நம் பக்கம் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள் என்று நம் வீரர்கள் பிற்பாடு நன்றியோடு சொன்னார்கள். ஹாக்கியில் நம்மை வென்று தங்கம் வாங்கியவர்கள் அவர்கள்!

முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன்தான் கோல்கீப்பர். இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் தங்கராஜை உள்ளே கொண்டுவந்தார். கொரியர்கள் ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கித்தான் போடுவார்கள், அதற்கு உயரமான ஆள் வேண்டும். ஜெயித்த அணியைக் கலைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவர் கலைத்தார். 17-ஆவது நிமிஷம் பி.கே. பானர்ஜி, 20-ஆவது நிமிஷம் தலையில் கட்டோடு ஜர்னைல். 2-0. அதன் பிறகு எழுபது நிமிஷம் காப்பாற்ற வேண்டும். எழுபது நிமிஷம்! நம் நாட்டில் ஒரு முழு ஆட்டமே அவ்வளவுதான். சந்திரசேகரன், திரிலோக் சிங், அருண் கோஷ், நடுவில் கோவாவின் ஃப்ராங்கோவும் பிரசாந்த சின்ஹாவும். திரிலோக் சிங் கால் விரல் காயத்தோடு ஆடினார். 85-ஆவது நிமிஷத்தில்தான் கொரியா ஒன்று திருப்பியது. 2-1. தங்கம்.

எங்கள் தெருவில் ரேடியோ இருந்த ஒரே வீட்டில் சேதி கேட்டது. பெரியப்பா அன்று ராத்திரி அந்தப் பாரத்தைப் பற்றிப் பேசவில்லை. பிறகு பேசினார், எழுதியும் கொடுத்தார், குடும்பத்தோடு துலூனுக்குப் போய்விட்டார். நாங்கள் இங்கேயே இருந்தோம். ஃபுட்பாலால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒரு ராத்திரி சத்தம் இல்லாமல் சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

கிராமத்துச் சாவடியில் நாலு பேரைக் கேளுங்கள். பி.கே., சுனி, பலராம் பெயர் சொல்வார்கள். அருண் கோஷையும் சந்திரசேகரனையும் எத்தனை பேர் சொல்வார்கள்?

ஜகார்த்தாவிலேயே ரஹீமுக்கு உடம்பு சரியில்லை. புற்றுநோய். நாளை எனக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கமாக இருக்கட்டும் என்று இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் கேட்டதாக அவர் பிள்ளைகள், அதாவது ஆட்டக்காரர்கள், சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஜூன் 11, 1963-ல் இறந்துபோனார். வயது ஐம்பத்து மூன்று. சொந்த மகன் ஷாஹித் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர், பின்னாளில் சர்வதேச ரெஃபரி, 2021-ல் காலமானார்.

குமாஸ்தா புத்தியில் எனக்குத் தோன்றுவது ஒன்று. ஒரு ஆபீசில் எல்லாம் தெரிந்த ஹெட் கிளார்க் ஒருவர் இருப்பார். எந்தக் கட்டு எந்த அலமாரியில் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவர் போன மறுநாள் ஆபீஸ் தடுமாறும். ரஹீம் போன பிறகு இந்திய அணி 1964 ஆசியக் கோப்பையில் இஸ்ரேலுக்கு அடுத்து இரண்டாவது வந்தது. 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டக்காரர்கள் இருந்த வரை. ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் அதன் பிறகு ஒரு மெடல்கூட இல்லை. ஒலிம்பிக்குக்கு 1960-க்குப் பிறகு நம் ஃபுட்பால் அணி போகவேயில்லை.

நம் ஊர்ப் பக்கம் இப்போது எஃப்சி மெட்ராஸ் பயிற்சிக்கூடம் வந்திருக்கிறது. சாயங்காலத்தில் பையன்கள் நல்ல ஷூவோடு வரிசையாகப் போவதைப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு பையனை நிறுத்தி எந்த இடத்தில் ஆடுகிறாய் தம்பி என்று கேட்டேன். "சென்டர் பேக், தாத்தா" என்றான். அவனுக்கு ஒரு கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தேன். பேரனுக்குப் பொறாமை. அவன் ஃபார்வர்ட்.

அடுத்த பதிவில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக் கல்லறைகளைப் பற்றி எழுதுகிறேன். அங்கே பழைய கல்வெட்டுகளை யாராவது படம் எடுத்து வைத்திருந்தால் அனுப்புங்கள்.